அரை டாங்குக்குக் கீழே திணறும் ஹைலக்ஸ்: பம்பைக் கழற்ற முதல்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 1994 மொடல் ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப், 3எல் டீசல் இஞ்சின். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் ஒரு குறையும் தெரியவில்லை. ஒட்டுசுட்டானில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மாங்குளம் பக்கம் வரும்போது, மூன்றாம் நான்காம் கியரில் அழுத்தி மிதித்தால் இரண்டு மூன்று நொடிக்கு இழுவை விட்டுப்போய், குலுங்கி, பிறகு பிடித்துக்கொண்டு போகிறது. டாங்க் அரைக்குக் கீழே இறங்கினால் இது கூடுகிறது. ஒரு கராஜில், டீசலை அழுத்தி இஞ்சினுக்கு அனுப்புகிற பம்பைக் காட்டி, "பம்ப் போயிட்டுது அண்ணை, கழட்டி வவுனியாவுக்கு அனுப்புவம்" என்றார்கள். இன்னொரு கராஜில், சிலிண்டருக்கொன்றாக டீசலைத் தூவுகிற நாலு நொசிலையும் மாற்றச் சொன்னார்கள். யாரை நம்புவது?

வாகனம் ஏன் திணறுகிறது என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது பல பத்தாயிரம் ரூபாயைப் பம்பில் கொண்டுபோய்ப் போடலாமா என்பதைத்தான். என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். டீசல் வாகனங்களோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த "அரைக்குக் கீழே" என்ற வரிதான் உங்கள் கேள்வியிலேயே பெறுமதியான வரி. இரண்டு கராஜிலும் அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏன் அது முக்கியம் என்று சொல்கிறேன். 3எல் என்பது 2779 சிசி, டேர்போ இல்லாத, முழுக்க மெக்கானிக்கல் இஞ்சின். அதில் இருப்பது ரோட்டரி பம்ப். டாங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட வேறு மோட்டர் எதுவும் கிடையாது. பில்டருக்கு மேலே கையால் அமத்துகிற பிரைமர் காற்றெடுக்க மட்டும்தான். ஓடும்போது பம்புக்குள்ளே இருக்கிற சின்ன ஃபீட் பம்ப்தான் பின்னால் இருக்கிற டாங்கிலிருந்து முழுத் தூரமும் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. டாங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் உயர்ந்து நிற்கும், உறிஞ்சுவது லேசு. மட்டம் இறங்க இறங்க வேலை கூடும். ஐடிலிலும் பாரமில்லாத ரேசிலும் இஞ்சின் கொஞ்ச டீசல்தான் குடிக்கும். அரைவாசி அடைபட்ட பாதைகூட அதற்குப் போதும். பாரத்தோடு மிதிக்கும்போதுதான் பாதையின் உண்மையான அளவு தெரியவரும். ஆகவே டாங்கின் மட்டத்தைப் பார்த்து நோய் கூடிக் குறைகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டாங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பாதையை. இந்த அளவுக்கு எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பம்பை நூற்றுக்கு நூறு விடுவிக்கவும் முடியாது, ஏனென்றால் ஃபீட் பம்ப் தேய்ந்திருந்தாலும் மட்டம் இறங்கும்போது உறிஞ்சச் சிரமப்படும். அதற்கு வேறொரு அடையாளம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சில விஷயங்களைப் பத்து நிமிடத்தில் கழித்துவிடலாம். மிதிக்கும்போது இஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்கல், திணறல் அல்ல. ஓடி வந்து நிறுத்தியதும் நாலு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரை அக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பொனட்டைத் திறந்து பம்பின் லீவர் கடைசி ஸ்க்ரூவில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டு தளர்ந்தோ, காலடியில் தடித்த மெட் மடிந்தோ, லீவர் முக்கால்வாசியோடு நின்றுவிடுகிற வாகனங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்தது புகை. இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது, பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வர வேண்டும். எங்கள் ஊர் தட்டை. கண்டிப் பக்கம் என்றால் ஏற்றத்தில் போட்டுப் பார்த்துவிடலாம், வன்னியில் பாரத்தை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். மூட்டையை ஏற்றி, வாகனம் குறைந்த நேரான துண்டொன்றில் நான்காம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய்க்கொண்டு, அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். திணறுகிற அந்தக் கணத்தில் கறுப்புப் புகை கொட்டினால் டீசல் போகிறது, காற்றுப் போதவில்லை, அல்லது நொசில் சரியாகத் தூவவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது: டைமிங், அதாவது டீசல் தூவுகிற நேரம், பிந்தியிருக்கலாம், பாதையில் காற்றுக் கலந்திருக்கலாம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் விட்டால் டீசல் வந்து சேரவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கடைசியாகச் சொன்னதாக இருக்கும் என்றுதான் படுகிறது. ஆனால் அது என் ஊகம், நீங்கள் பார்த்துவிட்டு நம்புங்கள். கறுப்பாக வந்தால் மற்றதெல்லாவற்றுக்கும் முன்னால் எயார் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கிரவல் றோட்டில் ஓடுகிற வாகனத்துக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிற பில்டர் கணக்கு செல்லாது. ஒரு சிறுபோக அறுவடை முடிவதற்குள்ளேயே கடதாசி மடிப்புகளுக்குள் செம்மண் அப்பிவிடும்.

புகை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். டாங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள், காசு செலவில்லாத சோதனை. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அந்த வழி புழுதியில் அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பும் டாங்கும் ஒரே டீசலுக்கு இழுபறிப்படும். திணறல் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பிறகு ஓட்டம் சீரானால் நோய் பிடிபட்டுவிட்டது. சத்தம் வராவிட்டால் டாங்கின் அடிக்குப் போக வேண்டும்.

டாங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயில் இரண்டு விதமான நோய் வரும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, அதன் நுனியில் இருக்கிற வலை அடைபடுவது. இஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் வலையில் ஒட்டிய அழுக்கு விழுந்துவிடும், மறுபடி சில மைல் நன்றாக ஓடும், பிறகு திணறும். மற்றது, குழாயின் நடுவில் துரு தின்று ஊசித்துளை விழுவது. இளநீர் குடிக்கிற ஸ்ட்ரோவில் ஓட்டை விழுந்தது போலத்தான், டீசலோடு காற்றும் ஏறும். துளை டீசலுக்குள் மூழ்கியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மட்டம் துளைக்குக் கீழே போனதும் தொடங்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: டாங்க் கால்வாசியில் இருக்கும்போது இரவு முழுக்க நிறுத்திவிட்டு விடியப் பாருங்கள். துளை என்றால் இரவில் அதன் வழியே காற்று ஏறி, பாதையில் நின்ற டீசல் டாங்குக்கே திரும்பி ஓடிவிடும். காலையில் பலமுறை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். வலை என்றால் வழக்கம்போல ஒரே சாவியில் பிடிக்கும். காலையில் ஸ்டார்ட் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது டாங்க் குறைவாக இருந்த நாட்களிலுமா என்பதை எழுதவில்லை. எப்போதுமே ஒரே சாவி என்றால் நான் வலைப் பக்கமே சாய்வேன்.

அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2022இல் பெற்றோல் செட் வரிசையில் நின்ற காலத்தில் கானிலும் பரலிலும் டீசல் சேர்த்து வைக்காத வீடு குறைவு. ட்ரக்டர் வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் வயல் கொட்டிலில் பரல் வைத்திருக்கிறார்கள். நாள்பட்ட டீசலில் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பாசி போன்ற கறுத்த வழுவழுப்பு ஒன்று வளரும். கையில் எடுத்தால் பொரித்த சட்டியின் அடி மாதிரி இருக்காது, மூக்குச்சளி மாதிரி இழுபடும். அதைக் கண்டால் டாங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. பில்டரை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். கழுவும்போது டாங்கின் கிட்ட வெல்டிங்கோ நெருப்போ வேண்டவே வேண்டாம், காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது.

டாங்கில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பில்டரே சொல்லும். பில்டரின் அடியில் இருக்கிற வடிகால் பிளக்கைத் தளர்த்தி, பிரைமரை மெல்ல அமத்தி, வருகிறதைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பிடித்து ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகக் கோடு கிழித்தது போல நிற்கும். பில்டரை மாற்றும்போது பழையதை எறிந்துவிடாமல் வெட்டித் திறந்து பாருங்கள். துருத்தூளா, கறுத்த வழுவழுப்பா, செம்மண்ணா என்று தெரிந்தால் அடுத்து எங்கே பார்ப்பது என்றும் தெரியும்.

இனிக் காற்று. பலரும் தவறவிடுவது இதைத்தான். உறிஞ்சுகிற பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே "கீழே ஒரு சொட்டும் இல்லை, லீக் இல்லை" என்ற பேச்சுக்கு இங்கே பெறுமதி இல்லை. பம்புக்கு டீசல் போகிற ரப்பர் ஹோசைக் கழற்றி, அதே தடிப்பில், டீசலைத் தாங்குகிற ஒளிபுகும் ரியூப் ஒரு சாண் துண்டைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் சில குமிழி வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சூடேறிய பிறகும் சோடாவில் ஏறுவது போலப் பொடிக் குமிழிகள் நிற்காமல் வந்தால், ரேஸ் பண்ணும்போது அவை கூடினால், காற்றுக் கலக்கிறது என்பது உறுதி. அதன்பிறகு பின்னோக்கிப் போங்கள்: பிரைமரின் உள்ரப்பர், பில்டரின் அடியில் தண்ணீர்ச் சென்சரின் ரப்பர் வளையம், சேஸிஸ் ஓரமாகப் போகிற ரப்பர் இணைப்புகள். முப்பது வருட ரப்பரை விரலால் மடித்துப் பார்த்தாலே போதும், வெடிப்பு வாயைத் திறந்து காட்டும்.

இன்னொன்று, உங்கள் வாகனத்தில் யாராவது அண்மையில் பம்பின் மேல் பக்கத்தில் கைவைத்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டியது. டீசல் உள்ளே போகிற இடத்திலும், மிச்சம் திரும்பிப் போகிற இடத்திலும் ஒவ்வொரு துளை போல்ட் இருக்கும். வெளித்தோற்றத்துக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் திரும்பிப் போகிற போல்ட்டின் துளை மிகச் சிறியது, தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தச் சின்னத் துளைதான் பம்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த அழுத்தத்தால்தான் வேகத்துக்கேற்ப டைமிங் முன்னேறுகிறது. வாசர் மாற்றும்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால், உள்ளே போகிற வழியில் சிறுதுளை அடைப்பாக நிற்கும், வெளியே போகிற வழி அகலத் திறந்துவிடும். ஐடிலில் ஓடும், பாரத்தில் திணறும். இதற்காகப் பம்பைக் கழற்றி அனுப்பினால், பம்புகளைச் சோதிக்கிற பம்ப் ரூமில் ஒரு குறையும் காணாமல் சேர்விஸ் பண்ணித் திருப்பி அனுப்புவார்கள். மாட்டும்போது யாராவது போல்ட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் "பம்பில்தான் குறை" என்ற பெயரும் நிலைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டால், முடிவைச் சொல்வது கான் சோதனை. ஐந்து லீற்றர் கானில் துணியால் வடித்த புது டீசல் எடுத்து, சைலன்சர் குழாய்க்குத் தூரமாக அசையாமல் கட்டுங்கள். முதல் சுற்றில் டாங்கிலிருந்து பில்டருக்கு வருகிற ஹோசைக் கழற்றிவிட்டு, கானிலிருந்து பில்டருக்குக் கொடுங்கள். மூட்டை ஏற்றிய அதே றோட்டில் ஒரு சின்னச் சுற்று. திணறல் போய்விட்டதென்றால் குறை டாங்கிலோ நீண்ட பைப்பிலோ. போகவில்லை என்றால் இரண்டாம் சுற்று: பில்டரையும் தாண்டி நேரே பம்பின் வாய்க்குக் கொடுங்கள், இதற்கு டீசல் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். இப்போது போய்விட்டால் பில்டர் தலை, பிரைமர், அவற்றின் ஹோஸ்கள். இரண்டு சுற்றிலும் அதே திணறல் என்றால், அப்போது பம்பையும் நொசிலையும் பற்றிப் பேசலாம். பம்பைக் கழற்றச் சொன்ன கராஜில் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் மறுக்கமாட்டார்.

நொசில் என்று சொன்னவரை நான் ஒதுக்கவில்லை, ஆனால் பின்வரிசையில் வைப்பேன். நொசில் கெட்டால் பெரும்பாலும் ஐடிலிலேயே காட்டிக்கொடுக்கும்: ஒரு சிலிண்டர் தட்டும், இஞ்சின் சீராக நிற்காமல் ஆடும், புகை வரும். டாங்கின் மட்டம் நொசிலுக்குத் தெரியாது. சந்தேகம் தீர்க்க, ஐடிலில் 17 சாவியால் நொசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி இறுக்குவது பழைய முறை. தளர்த்தியதும் இஞ்சின் சத்தம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது, மாறாவிட்டால் அதில் குறை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நட்டின்மேல் துணி சுற்றி, விரலைப் பீறுகிற வழியில் வைக்காமல் செய்யுங்கள். நொசில் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில்தான் திறக்கிறது, அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வலியில்லாத சிறு புள்ளிபோலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2005க்குப் பிறகு வந்த 2கேடி இஞ்சின் ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த நட்டுத் தளர்த்துகிற வேலையைக் கனவிலும் செய்யக்கூடாது. அது கொமன் ரெயில், அதாவது எல்லா நொசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற முறை, பைப்பில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அதிலும் இதே திணறல் வரும், பம்பில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்துகிற எஸ்சிவி வால்வு அதற்கொரு பேர்போன காரணம், ஆனால் அதற்கு ஸ்கேனர் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலிருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் படித்து வந்த பெடியள் இப்போது பல கராஜ்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

நீங்கள் எழுதாத, ஆனால் கேட்க வேண்டிய ஒன்று மண்ணெண்ணெய். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் வாகனங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய ஊர் இது. சொட்டுப் பெற்றோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். அந்தப் பழக்கத்தில் டீசலிலும் கொஞ்சம் கலந்தால் இஞ்சின் துப்புரவாகும் என்ற நம்பிக்கை தங்கிவிட்டது. 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறும்வரை, மண்ணெண்ணெய் டீசலைவிட மலிவாகவும் இருந்தது. ஆனால் இந்த ரோட்டரி பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, ஓடுகிற டீசலே அதற்கு உயவு. மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு. முந்தின சொந்தக்காரர் வருடக்கணக்கில் கலந்து ஓட்டியிருந்தால், நான் இவ்வளவு நேரமும் பின்னால் தள்ளிய பம்ப் ஓரளவு முன்னுக்கு வரும்.

அந்தப் பம்பின் அடையாளத்தைச் சொல்கிறேன் என்றேனல்லவா. தேய்ந்த பம்ப் சூட்டில்தான் வெளிப்படும். சூடான டீசல் இளகி, தேய்ந்த இடைவெளிகளால் கசியும், ஸ்டார்ட்டுக்கு வேண்டிய அழுத்தம் ஏறாது. நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம் பாரத்தோடு ஓடி, நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். காலையில் ஒரே சாவியில் பிடித்த இஞ்சின் அப்போது அடித்து அடித்துப் பார்த்தாலும் மறுத்து, பம்பின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி ஆறவிட்டதும் பிடித்தால், முதல் கராஜ்காரர் சொன்னது சரி. அப்படியில்லாமல் கான் சோதனையில் திணறலும் போய்விட்டால் அவர் சொன்னது தவறு. சத்தத்தைக் கேட்காமல், புகையைப் பார்க்காமல், எழுத்தை வைத்து இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

கடைசியில் பம்பைக் கழற்றத்தான் வேண்டுமென்று வந்தால், கழற்ற முதல் பம்பின் விளிம்பிலும் அது இருக்கிற இடத்திலும் ஒரே நேரில் உளியால் கோடொன்று போடச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது டைமிங் அங்கிருந்துதான் தொடங்கும். பம்பைச் சோதனைப் பெஞ்சில் போட்டு அளந்த கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமான்களையும் திருப்பி வாங்குங்கள். அப்புறம், 3எல்லில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். ஒவ்வொரு 100,000 கிலோமீற்றருக்கும் டேஷ்போர்டில் அதற்கென்றே ஒரு லைட் எரியும், ஆனால் இத்தனை கை மாறிய வாகனத்தில் அதை யார் எப்போது அணைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும். பம்புக்காக முன்பக்கத்தை எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள், அதே கூலியில் பெல்ட்டையும் அதன் உருளையையும் புதிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.